சாலைக்கு வடக்கே ஒரு துப்பாக்கி, தெற்கே ஒரு துப்பாக்கி

மிச்சிகனில் நவம்பர் 14 ராத்திரி துப்பாக்கிக் கடை கவுன்டரில் நிற்கிற கூட்டத்தை, நம்ம ஊரில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஜவுளிக்கடையில்தான் பார்க்க முடியும். மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. என்ன கிழமையாக இருந்தாலும் நவம்பர் 15 தான், முகூர்த்தம் மாறாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுகிற ஊர்கள் உண்டு.

2015இல் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு மாதம் முன்பு அதே கடையில் வாங்கிய துப்பாக்கிக்கு இன்னும் ஒரு பெட்டி தோட்டா வேண்டியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒரு தடவை கேட்டேன், "இது தெற்கு மண்டலத்தில் சட்டப்படி செல்லும்தானே?" கவுன்டரில் இருந்த பையன் பெட்டியைப் பார்த்தான். "ஸ்ட்ரெய்ட் வால்தானே, தாராளமா." எனக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சொன்னது தப்பு.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். நான் டெட்ராய்ட் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். பக்கத்து மேஜைக்காரரின் அப்பாவுக்கு செசனிங் என்ற சின்ன ஊருக்கு மேற்கே நிலம் இருந்தது. சோளம், சோயா. ஒருமுறை கூட வாயேன் என்று அழைத்துப் போனார், பரணில் உட்கார வைத்தார், விடியற்காலை இருட்டில் அந்த அமைதி என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் போனில் சொன்னபோது "மானையா?" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். நம்ம ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்பது செய்தித்தாளில் கைதுச் செய்தியாக மட்டும் வருகிற விஷயம், அம்மாவின் திகைப்பு நியாயம்தான். இங்கே வெள்ளைவால் மான் வயலில் மேய்கிறது, ராத்திரி கார்மேல் மோதுகிறது, அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துச் சுடச் சொல்கிறது.

நான் அப்போது ஹெச்-1பி. அமெரிக்க மத்தியச் சட்டப்படி இந்த மாதிரி தற்காலிக விசாவில் வந்தவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ஆனால் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விதிவிலக்கு. நம்ம ஆட்களில் பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. ஆக, எனக்கு விஷயமே விதிவிலக்கில்தான் ஆரம்பித்தது.

மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால்தான் லைசென்ஸ். நான் போய் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். நிலத்துக்காரப் பெரியவர், அதாவது பக்கத்து மேஜைக்காரரின் அப்பா, அதற்கு ரொம்ப முன்னால் பிறந்தவர், வகுப்புப் பக்கமே போக வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அப்பா சொன்னது. அப்பா சொன்ன விதி ஒரு வரிதான்: "சாலைக்கு வடக்கே ரைஃபிள், தெற்கே ஷாட்கன்."

அந்தச் சாலை எம்-57. வயலுக்கு நடுவே போகிறது. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தை அகலவாக்கில் வெட்டுகிற ஒரு கோடு உண்டு. மேற்கே எம்-46இல் தொடங்கி, யுஎஸ்-131இல் தெற்கே இறங்கி, எம்-57இல் கிழக்கே போய், செசனிங் பக்கம் எம்-52இல் வடக்கே ஏறி, மறுபடி எம்-46 பிடித்து, வளைந்து நெளிந்து சாகினா விரிகுடாவில் முடிகிறது. கோட்டுக்கு வடக்கே காடு, ஜனம் குறைவு, .30-06 மாதிரி தூரம் போகிற ரைஃபிள் வைத்துக்கொள்ளலாம். தெற்கே தட்டையான விவசாய நிலம், வீடுகள், பண்ணைகள். அங்கே ஷாட்கன், இல்லையென்றால் குழாய் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற மஸில்லோடர், அப்புறம் சில வகைக் கைத்துப்பாக்கிகள், அவ்வளவுதான். பெரியவர் குடும்பத்துக்குச் சாலையின் இரண்டு பக்கமும் நிலம். அவர் பிக்கப் வண்டியில் பின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கி எப்போதும் இருக்கும். தெற்கே போகவேண்டிய ஷாட்கன் கட்டையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார், இருட்டில் அவசரத்தில் மாறிவிடக் கூடாது என்று. இத்தனை வருஷமாக ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பம் 2014இல் வந்தது, தடையாக அல்ல, சலுகையாக. தெற்கேயும் இனிமேல் சில ரைஃபிள்கள் செல்லும் என்றார்கள். எந்த ரைஃபிள்? .35 காலிபர் (குண்டின் தடிமன், அங்குலக் கணக்கில்) அல்லது அதற்கு மேல், நேர்ச்சுவர், அதாவது ஸ்ட்ரெய்ட் வால், தோட்டா போடுவது, கூட்டின் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையாமல் 1.80 அங்குலத்துக்கு மிகாமல்.

இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். இதுவரை விதி துப்பாக்கியைப் பற்றிப் பேசியது. யார் பார்த்தாலும் ஷாட்கன் எது, ரைஃபிள் எது என்று சொல்லிவிடலாம். இப்போது விதி தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பற்றிப் பேசுகிறது, அதுவும் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வரைக்கும். ஒரே மாடல் ரைஃபிள், வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒரே மாதிரி, .308இல் வந்தால் குற்றம், .450 புஷ்மாஸ்டரில் வந்தால் சரி. குழாயில் பொறித்த எழுத்தைப் பக்கத்தில் போய்ப் படித்தால்தான் தெரியும்.

நேர்ச்சுவர் என்றால் என்ன என்று எனக்கே யாரோ காட்டித்தான் புரிந்தது. சாதாரண ரைஃபிள் தோட்டாக் கூடு பாட்டில் மாதிரி, அகலமான உடம்பு, தோள், ஒடுங்கிய கழுத்து. உடம்பில் நிறைய வெடிமருந்து, கழுத்தில் சின்ன குண்டு, அதனால் வேகம் அதிகம். கழுத்து ஒடுங்காமல் மூங்கில் துண்டு மாதிரி இருந்தால் அது ஸ்ட்ரெய்ட் வால். மருந்து குறைவு, குண்டு தடிமன், சீக்கிரம் வேகம் இழந்து கீழே இறங்கிவிடும். வீடுகள் இருக்கிற இடத்தில் அது பரவாயில்லை என்பது கணக்கு. நோக்கம் நல்ல நோக்கம்தான். தோளில் பலமாக உதைக்கிற 12 கேஜ் ஸ்லக்கை (ஷாட்கனில் போடுகிற ஒற்றைத் தடிக்குண்டு) விடச் சின்னப் பிள்ளைகளுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் சில நேர்ச்சுவர் தோட்டாக்கள் சுலபம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த ராத்திரி வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். நான் வாங்கியிருந்தது .45-70. 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா, கௌபாய் காலத்து ரகம், நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். லீவர் இழுத்துச் சுடுகிற துப்பாக்கி. அழகாக இருந்தது, அதற்காகவே வாங்கினேன், மறைக்கவில்லை. ஏதோ உறுத்தல். ஆபீஸ் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் ரசப் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, குளிர்ந்த பித்தளையைத் தாடைகளுக்கு நடுவே வைத்து, கூட்டின் விளிம்பு வரை அளந்தேன். 2.10.

மறுபடி அளந்தேன். வேறொரு தோட்டா எடுத்து அளந்தேன். வேலையில் சப்ளையர் அனுப்பிய பாகம் அளவில் தவறினால் இப்படித்தான் மூன்று தடவை அளப்போம், ஏதாவது அதிசயம் நடக்காதா என்று. நடக்கவில்லை. விதி 1.80, கையில் இருப்பது 2.10. வித்தியாசம் ஒரு பாசுமதி அரிசி நீளம்.

ஆக நேர்ச்சுவர்தான், ஆனால் செல்லாது. எனக்கு எரிச்சல் வந்தது எங்கே என்றால், செல்லாத இந்தத் தோட்டாவின் பழைய ரகம் 405 கிரெயின் (குண்டின் எடைக் கணக்கு) குண்டை நொடிக்கு 1,300 அடி சொச்சம் வேகத்தில் மெல்லத் தள்ளுகிறது. செல்லுகிற .450 புஷ்மாஸ்டர் 250 கிரெயின் குண்டை 2,200 அடி வேகத்தில் அனுப்புகிறது. எது தட்டையாக, அதிக தூரம் போகும்? குட்டைக் கூடு என்பதற்காக வேகமானதை அனுமதித்து, நீளக் கூடு என்பதற்காகக் கிழட்டுக் குதிரையைத் தடுக்கிறது விதி. அதே .45-70 தெற்கே ஓஹையோ எல்லையைத் தாண்டிவிட்டால் செல்லும். ஓஹையோவும் அதே 2014இல்தான் நேர்ச்சுவருக்குக் கதவு திறந்தது, ஆனால் அங்கே நீளக் கணக்கு இல்லை, குண்டின் விட்டக் கணக்கும், ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது என்ற கணக்கும்தான். டொலிடோவிலிருந்து வருகிற மச்சான் அவன் ஊரில் சட்டப்படி சுடுகிற துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சிகன் மாமனார் வயலுக்கு வந்தால் குற்றவாளி.

வெர்னியரைக் கையில் எடுத்துவிட்டால் சும்மா இருக்க முடியாது இல்லையா. இன்னொரு விஷயமும் அன்று பார்த்தேன். நேர்ச்சுவர் என்று பெயர், ஆனால் எதுவும் நேர் கிடையாது. .450 புஷ்மாஸ்டர் கூடு அடியில் அரை அங்குலம், வாயில் 0.48. துப்பாக்கியின் அறையிலிருந்து வழுக்கி வெளியே வரக் கொஞ்சம் சரிவு வேண்டும், அதனால்தான். நேர்ச்சுவர் என்றால் கழுத்து இல்லாதது என்று அர்த்தம், நேரானது என்று அர்த்தம் இல்லை. இதை வேட்டைக்காரன் எப்படித் தெரிந்துகொள்வான்?

மறுநாள் பெரியவரின் சிவப்பு டேப் ஷாட்கனோடு தெற்கு வயல் பரணில் உட்கார்ந்தேன். ஒன்பதேகால் மணிக்கு எட்டு முனைக் கொம்பு மான் ஒன்று சோளத் தாளிலிருந்து வெளியே வந்தது, எனக்கு எட்டாத தூரத்தில். நிதானமாக நடந்து, எம்-57ஐத் தாண்டி, வடக்கு வயலில் நின்று திரும்பிப் பார்த்தது. அதற்குச் சட்டம் தெரியும் என்று இன்னும் நம்புகிறேன். .45-70ஐ அடுத்த மாதம் நஷ்டத்துக்கு விற்றேன். வாங்கியவர் ஆசையோடு வாங்கினார், வடக்குக்காரர்.

விதியைப் படிக்காத சோம்பேறிகள் என்று வேட்டைக்காரர்களைத் திட்டுவது சுலபம், நானும் ஆரம்பத்தில் திட்டியிருக்கிறேன். பழகிய பிறகு அப்படித் தோன்றவில்லை. தடை போட்டால் யாரும் குழம்புவதில்லை, "கூடாது" என்றால் கூடாது. ஒவ்வொரு தளர்வும்தான் குழப்புகிறது, ஏனென்றால் தளர்த்துகிறவர்களுக்குப் பயம். கொஞ்சம் திறந்துவிடுவார்கள், கூடவே ஒரு அளவு வைப்பார்கள், அந்த அளவுக்கு ஏற்ற மாதிரி கம்பெனிகள் தோட்டா செய்யும், அதைப் பார்த்து அளவை மறுபடி மாற்றுவார்கள். இண்டியானாவைப் பாருங்கள். 2007இல் குண்டு .357 விட்டம், கூடு 1.16இலிருந்து 1.625 அங்குலம் என்று விதி வைத்தார்கள். நேர்ச்சுவர் என்று ஒரு வார்த்தை போட மறந்தார்கள். உடனே பட்டறைக்காரர்கள் பெரிய ரைஃபிள் கூட்டை அறுத்துக் குட்டையாக்கி, கழுத்து வைத்து, நீளம் 1.625க்குள் அடங்குகிற அசுர வேகத் தோட்டாக்களைச் செய்தார்கள். எழுத்துப்படி எல்லாம் சட்டப்படி. அப்புறம் அங்கேயும் நீளத்தை 1.8 ஆக்கினார்கள்.

2019இல் வின்செஸ்டர் .350 லெஜெண்ட் கொண்டுவந்தது. இந்த மாநிலங்களின் சட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது, கூடு 1.71 அங்குலம். ஆனால் பெயரில் .350, வரைபடத்தில் .357, சில பெட்டிகளில் குண்டை அளந்தால் .355 வருகிறது. மிச்சிகனில் .35 போதும், கவலையில்லை. .357 வேண்டும் என்று எழுதியிருந்த இடங்களில் காபிக் கடையில் மணிக்கணக்காகப் பேச்சு. பெயரை நம்புவதா, வரைபடத்தை நம்புவதா, வெர்னியரை நம்புவதா? நான் வெர்னியர் கட்சி என்பதால் என்னை யாரும் கேட்பதில்லை.

இத்தனையும் பாதுகாப்புக்காகத்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பென்சில்வேனியா சட்டமன்றக் குழு ஒன்று ஷாட்கன் நிஜமாகவே ரைஃபிளைவிட ஆபத்துக் குறைவா என்று ஆய்வு செய்யச் சொல்லி, 2007இல் அறிக்கை வந்தது. குழாயை மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்டால் ரைஃபிள் குண்டுதான் அதிக தூரம் போகிறது, எதிர்பார்த்ததுதான். ஆனால் கிடைமட்டமாகச் சுட்டால், மண்ணில் பட்டுத் தெறித்து எழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, தடிமனான ஷாட்கன் ஸ்லக்கின் ஆபத்து எல்லைதான் பெரிதாக வந்தது. வேகமான ரைஃபிள் குண்டு மண்ணில் பட்டதும் ஸ்லக்கைவிட அதிக சக்தியை இழந்துவிடுகிறது. பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் எந்தக் குண்டும் சீக்கிரமே மண்ணில் படும். இதை வைத்துக்கொண்டு கோட்டை அழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடு வரைந்த காலத்து ஷாட்கன் நூறு கெஜத்துக்கு மேல் குறி பிடிக்காது, இன்றைய வரிக்குழாய் (உள்ளே சுருள்வரி வெட்டிய குழாய்) ஷாட்கனும் மஸில்லோடரும் இருநூறு கெஜம் வரை குறி தப்பாமல் அடிக்கின்றன. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி வருவதுதான் பெரியவரை உடைத்தது. மிச்சிகனில் டிசம்பரில் மஸில்லோடர் சீசன் என்று தனியாக ஒன்று உண்டு. அந்த நாட்களில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி மட்டும்தான். 2020இல் இதையும் தளர்த்தினார்கள், ஆனால் தெற்கு மண்டலத்துக்கு மட்டும். அங்கே மஸில்லோடர் சீசனிலும் தெற்கில் செல்லுகிற எந்தத் துப்பாக்கியும் செல்லும். வடக்கில் பழையபடி மஸில்லோடர்தான். மண்டல எல்லையும் அதே எம்-57. இப்போது கணக்குப் போடுங்கள். நவம்பரில் சாலைக்கு வடக்கே எல்லாம் செல்லும், தெற்கே சிலதுதான். டிசம்பரில் தெற்கே ஷாட்கனும் நேர்ச்சுவர் ரைஃபிளும் செல்லும், வடக்கே அவை கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் தாராளம், அந்தப் பக்கம் கண்டிப்பு என்று இருந்தது, மாதம் பிறந்ததும் தலைகீழ். சீசனின் பெயர் மஸில்லோடர், கையில் இருப்பது ரைஃபிள்!

பெரியவர் என்னைக் கூப்பிட்டு அந்த வருஷத்து வேட்டை விதிச் சிறுநூலைக் கையில் கொடுத்தார். "நீதான் பரீட்சை எழுதினவன், படிச்சுச் சொல்லு." சமையலறை மேஜையில் உட்கார்ந்து கட்டம் போட்டுக் காட்டினேன். நவம்பர், டிசம்பர் மேலே. வடக்கு, தெற்கு பக்கவாட்டில். நாலு கட்டம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "என் அப்பா இதை எனக்கு ஒரு வரியில சொன்னாரு," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகனுக்கு இதை எந்த வரியில் சொல்வது என்று யோசிக்கிற குரல்.

வேட்டை விதி பெரும்பாலும் புத்தகம் வழியாகப் போவதில்லை. அப்பா, மாமா, கடைக்காரர், காபிக் கடை. அந்த வழியில் ஒரு வரி போகும், நாலு கட்டம் போகாது. போகிற வழியில் "1.80க்கு மிகாமல்" உதிர்ந்துவிடும், "தெற்கில் மட்டும்" உதிர்ந்துவிடும், கடைசியில் "ஸ்ட்ரெய்ட் வால்னா செல்லும்" என்பது மட்டும் மிஞ்சும். எனக்கு விற்ற பையனிடம் மிஞ்சியிருந்தது அதுதான்.

2022இல் வேலை மாறி இல்லினாய் வந்தேன். இங்கே மானுக்கு ரைஃபிளே கிடையாது என்று சொன்னார்கள், நிம்மதி என்று நினைத்தேன். 2023 ஜனவரியில் விதி மாறியது. நேர்ச்சுவர் .30 காலிபர் அல்லது அதற்கு மேல் என்றால் செல்லும், ஆனால் ஒற்றைத் தோட்டா ரைஃபிளாக இருக்க வேண்டும். இதற்குள் நான் மிச்சிகனில் ஒழுங்காக ஒரு .450 வாங்கியிருந்தேன், மேகசினில் (தோட்டா அடுக்குகிற பெட்டி) மூன்று பிடிக்கும். ஒன்றே ஒன்று போட்டுச் சுட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். போதாது. மேகசினும் அறையும் சேர்த்து மொத்தமே ஒன்றுதான் பிடிக்கிற மாதிரி செய்ததாகவோ மாற்றியதாகவோ இருக்க வேண்டும். இன்னும் ஒன்று, கழுத்துள்ள தோட்டாவும் இங்கே செல்லும், கூடு 1.4 அங்குலத்துக்குள் இருந்தால். அதாவது மிச்சிகனின் தெற்கில் தொடவே கூடாத .300 பிளாக்அவுட் இங்கே செல்லும், நீளம் 1.368. அலமாரியிலிருந்து வெர்னியரை மறுபடி இறக்கியாகிவிட்டது.

மினசோட்டாவில் இருக்கிற நண்பன் தங்கள் ஊர் தெளிவாகிவிட்டது என்று பெருமைப்பட்டான். 2025இல் அங்கே ஷாட்கன் மண்டலத்தையே நீக்கச் சட்டம் போட்டார்கள், 2026 ஜனவரி 1 முதல். அப்படியே இன்னொரு வரியையும் படி என்றேன். வேண்டுமென்றால் ஒவ்வொரு கவுன்ட்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி) தனியாக ஷாட்கன் விதி வைத்துக்கொள்ளலாம். ஒரு கோடு போய்விட்டது, இனி கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி கேட்டுக்கொள்ள வேண்டும்.

(ஒரு எச்சரிக்கை, மேலே சொன்னது எல்லாம் அந்தந்த வருஷத்துக் கதை. என் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது துப்பாக்கி வாங்கினால் நான்தான் அந்தக் கடைப் பையன் ஆவேன். இந்த வருஷத்துச் சிறுநூலை வாங்கிப் படியுங்கள், பக்கத்தில் வெர்னியர் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின டிசம்பரில் பெரியவரோடு கடைசியாகப் போனேன். பிக்கப்பில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன், சீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு துப்பாக்கி. ரைஃபிள் இல்லை, சிவப்பு டேப் ஷாட்கனும் இல்லை. மஸில்லோடர். "இது நவம்பர்லயும் செல்லும், டிசம்பர்லயும் செல்லும், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செல்லும். நாலு கட்டத்துலயும் நீ டிக் போட்டிருந்தது இது ஒண்ணுக்குத்தான்." நான் போட்ட கட்டத்தை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. என் தாத்தா கடலைக் காட்டில் பன்றி விரட்ட வைத்திருந்த கெட்டித் துப்பாக்கி ஞாபகம் வந்தது, மருந்து, குச்சி வைத்து இடிப்பது, மருந்தைப் பற்றவைக்கிற கேப், எல்லாம் அதே முறை. இவருடையதில் தொலைநோக்கி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை முழுக்கத் தெற்கு வயலில் ஒன்றும் வரவில்லை. பதினொரு மணிக்கு வடக்கே போகலாம் என்றார். சாலையோரம் வந்ததும் நின்றார், துப்பாக்கியிலிருந்து கேப்பைக் கழற்றினார். கேப் இல்லாவிட்டால் மஸில்லோடர் காலி என்று கணக்கு, உள்ளே மருந்தும் குண்டும் இருந்தாலும். அதைச் சட்டைப் பையில் போட்டு மேலே தட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எம்-57ஐத் தாண்டினோம்.